தோணியும் பென்சிலும் தமிழும்

தமிழ்ப்பள்ளியில் படித்த யாரிடமாவது ஒரு வெள்ளைத் தாளையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, "இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் முதலில் இரண்டு மலைகளை வரைவார்கள். மலைகளுக்கு நடுவே பாதிச் சூரியன் எட்டிப் பார்க்கும். அங்கிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். ஆற்றங்கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். படம் முடிந்தது! வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நின்றிருக்கும். அவற்றை யாரும் வரைந்ததில்லை. வரையும்படி யாரும் சொன்னதும் இல்லை.

சிறுவர்கள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால், வளர்ந்த பிறகும் நாம் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். பல்கலைக்கழகக் கவிதைப் போட்டிகளுக்கு வரும் கவிதைகளைப் படித்துப் பாருங்கள். தாமரை மலர்கிறது, குவளை கண் திறக்கிறது, குயில் கூவுகிறது, தென்றல் தவழ்கிறது. எழுதியவரோ கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ பிறந்து வளர்ந்தவர். அவர் குவளையை நேரில் கண்டிருப்பாரா? நம் தமிழுக்குள் ஓர் இயற்கை இருக்கிறது. நம் கண்ணெதிரே வேறோர் இயற்கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

இந்தப் பாலத்தைக் கட்ட எளிய வழி ஒன்றை நான் முன்மொழிகிறேன். நண்பர்களே, நீண்ட விடுமுறையில் ஒரே ஒரு நாளை ஒதுக்குங்கள். இந்நாட்டின் ஓர் ஏரிக்குச் செல்லுங்கள். தோணியில் ஏறுங்கள். கையில் ஒரு பென்சிலும் வரைதாளும் இருக்கட்டும். காண்பதை வரையுங்கள். வரைந்ததற்குத் தமிழில் பெயர் தேடுங்கள். இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். இது தமிழ்ப்பணி என்பதே என் கருத்து.

கனடாவில் ஒருவர்

நமக்குக் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். குளிர்நாடுகளிலோ கோடை என்பது காத்திருந்து பெறுகிற வரம். பனி உருகியதும் அங்குள்ளவர்கள் ஏரிகளை நாடிப் போகிறார்கள். அப்படிப் போன ஒருவரின் கதை நமக்குப் பாடமாக அமையும்.

கனடாவைச் சேர்ந்த தாம் தாம்சன் விளம்பரப் படங்கள் வரையும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1912ஆம் ஆண்டில் அவர் ஒண்டாரியோ மாநிலத்தின் அல்கோன்குவின் வனப் பூங்காவுக்கு முதன்முதலாகச் சென்றார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான். வழிகாட்டியாகவும் தீத்தடுப்புக் காவலராகவும் அங்கு வேலை செய்தார். மற்ற நேரங்களில் தோணியில் ஏறி ஏரி ஏரியாகச் சுற்றினார். கையில் ஒரு சிறிய மரப்பெட்டி. அதனுள் பள்ளிக்கூடக் குறிப்பேட்டின் அளவே உள்ள மரப்பலகைகள். கண்ட காட்சியை அங்கேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிவிடுவார். ஈர வண்ணம் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பலகைகளைச் செருகி வைக்கப் பெட்டியில் தனித்தனிப் பள்ளங்கள் இருந்தன. அந்தச் சிறு பலகைகளிலிருந்தே பின்னர் 'ஜேக் பைன்', 'வெஸ்ட் விண்ட்' போன்ற பெரிய ஓவியங்கள் பிறந்தன. 1917ஆம் ஆண்டு ஜூலை மாதம், தாம் நேசித்த 'கனூ ஏரி'யிலேயே அவர் இறந்து கிடந்தார். வயது 39.

அவருக்கு முன் கனடாவின் ஓவியர்கள் பலர் தங்கள் நாட்டையே ஐரோப்பாவின் சாயலில்தான் வரைந்துவந்தார்கள். மென்மையான புல்வெளி, இதமான ஒளி, மேயும் மாடுகள். கரடுமுரடான பாறையும் காற்றில் வளைந்த பைன் மரமும் ஓவியத்துக்கு உரியவையல்ல என்ற எண்ணம் இருந்தது. தாம்சனும் அவருடைய நண்பர்களும் அந்த எண்ணத்தை உடைத்தார்கள். அந்த நண்பர்களே 1920இல் 'எழுவர் குழு' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். சொந்த நாட்டைச் சொந்தக் கண்ணால் பார்க்க ஒரு தோணியும் சில பலகைகளும் போதுமானவையாக இருந்தன.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஓவியங்கள் பெரும்பாலானவற்றில் மனிதர்களே இல்லை. ஆளில்லாத காடு என்ற தோற்றத்தை அவை தருகின்றன. ஆனால் அந்த ஏரிகளில் தாம்சனுக்கு நெடுங்காலம் முன்பே பூர்வகுடி மக்கள் தோணி ஓட்டினார்கள். பூங்காவின் பெயரே அம்மக்களின் பெயர்தான். நாம் ஏரிக்குப் போகும்போது இதை மறந்துவிடக்கூடாது.

பெரா ஏரியில் ஒரு நாள்

கடந்த நீண்ட விடுமுறையில் நாங்கள் நால்வர் பகாங் மாநிலத்தின் பெரா ஏரிக்குச் சென்றோம். தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி அது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்த ஈரநிலம், கையின் விரல்களைப்போல் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து செல்கிறது. 1994ஆம் ஆண்டு நவம்பரில், அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் மலேசிய ஈரநிலம் அதுதான். எங்கள் நால்வரில் மூவர் அந்தப் பயணத்துக்கு முன் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

ஏரி நீர் 'தே ஓ' நிறத்தில் இருந்தது. அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காட்டின் இலைதழைகள் ஆண்டுக்கணக்கில் சதுப்பில் ஊறிக் கிடக்க, அவற்றின் சாறு நீரில் இறங்குகிறது. தேயிலை வெந்நீரில் இறங்குவதைப்போலத்தான். நீர் கறுப்பாக இருப்பதால் மரங்களின் நிழல் கண்ணாடியில் விழுவதுபோல் தெளிவாக விழுகிறது. தாளில் வரைந்தால் மேலே எது, கீழே எது என்று தெரியாத அளவுக்குத் தெளிவு!

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் செமலாய் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். 'பாக்சிக்' என்றே அழைத்தோம். செமலாய் மக்கள் அந்த ஏரியைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். ஒரே மரத்தைக் குடைந்து தோணி செய்வதிலும், கெருயிங் மரத்திலிருந்து எண்ணெய் எடுப்பதிலும், கோரையால் பாயும் கூடையும் முடைவதிலும் தேர்ந்தவர்கள். அவர்களுக்கெனத் தனி மொழி உண்டு. அது மலாயுடன் உறவில்லாத ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுபவர்கள் சில ஆயிரம் பேரே.

இருவருக்கு ஒரு தோணி என்று பிரித்துக்கொண்டோம். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வரைய வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை மாறிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு மிகவும் அவசியம். தோணி ஓரிடத்தில் நிற்காது. பாதி மரத்தை வரைந்து நிமிர்ந்தால் மரம் பக்கவாட்டில் போயிருக்கும். துடுப்பிலிருந்து சொட்டும் நீர் தாளில் விழும். ஆகவே, துடுப்புப் பிடிப்பவருக்கும் வரைபவருக்கும் ஒத்த மனம் வேண்டும். இயந்திரப் படகில் இது நடக்காது. அது அலையெழுப்பி, இரைச்சலிட்டு, பறவைகளை விரட்டிவிட்டு நம்மை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும். தோணியில் நம் கண் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. நீர்ச்செடிகள் எதிரே தலைக்கு மேல் நிற்கின்றன.

ஏரியின் ஓரமெங்கும் அடர்ந்து வளர்ந்திருந்தது ஒரு செடி. நீண்ட, வாள் போன்ற இலைகள். பாக்சிக் அதன் பெயரைத் தம் மொழியில் சொன்னார். மலாயில் 'ரசாவ்' என்றார். பிறகு, எங்களைப் பார்த்து இயல்பாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?"

நால்வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்கள். ஒருவரிடமும் விடை இல்லை.

பெயர் கிடைத்த விதம்

நாங்கள் அந்தச் செடியைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தோம். மொத்தம் பதினேழு படங்கள். அவற்றால் ஒரு பயனும் விளையவில்லை. ஆனால் வரையத் தொடங்கியபோதுதான் கேள்விகள் எழுந்தன. இலை எங்கிருந்து கிளம்புகிறது? ஒன்றன்மேல் ஒன்றாகவா, சுற்றிச் சுற்றியா? விளிம்பு வழுவழுப்பா, சொரசொரப்பா? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? பென்சில் பிடித்த கைக்கு விடை தெரியாமல் அடுத்த கோடு போக முடியாது.

நாற்பது நிமிடம் பார்த்தோம். இலைகள் தண்டைச் சுற்றித் திருகாணிபோல் ஏறியிருந்தன. விளிம்பு நெடுகச் சிறு முட்கள். நடு நரம்பு பள்ளமாக மடிந்திருந்தது. வரைந்து முடித்த தாளைப் பார்த்து என் தோழி ஒருத்தி சொன்னாள்: "இது எங்க பாட்டி வீட்டுப் பின்னால இருக்கற பாண்டான் செடி மாதிரியே இருக்கே!"

அவள் சொன்னது முற்றிலும் சரி. நாசி லெமாக்கில் மணக்கும் பாண்டானும் ஏரியோர ரசாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. திரும்பி வந்த பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினோம். அந்த இனத்துக்குத் தமிழில் பெயர் உண்டு. தாழை! தாழம்பூவைத் தரும் அதே தாழை. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் பாடிய தாழை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களின் வரிசையிலும் அது இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நாம் பெயரளவில் படித்த ஒரு செடியின் உறவினர்தான் பெரா ஏரியில் நம் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்.

கடற்கரைத் தாழையும் ரசாவும் ஒன்றல்ல. ஓரினத்தின் இரு வகைகள். ஆகவே ரசாவை நாம் 'ஏரித் தாழை' என்று அழைக்கலாமே! யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நம் பாட்டன் பாட்டிமார் யாரிடமும் கேட்கவில்லை. தமிழகத்தில் அவர்கள் பழகியிராத மரம் ஒன்றை இங்கே தினமும் சீவினார்கள்; பால் வடிந்தது; 'பால்மரம்' என்றார்கள். எண்ணெய் தரும் புதிய பனை இந்நாட்டுக்கு வந்தது. நம்மவர் நாவில் அது 'செம்பனை' ஆனது. பெரிய படிப்புப் படிக்காதவர்கள் பெயர் வைத்தார்கள். காரணம், அவர்கள் கை தினந்தோறும் அந்த மரங்களைத் தொட்டது. கை தொட்டதற்கு வாய் பெயர் சொன்னது.

நம் தலைமுறையின் கை எதைத் தொடுகிறது? தொடுதிரையை. ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தோம். 'ஒளிச்சேர்க்கை' என்றோம், 'சுவாசம்' என்றோம். முதலாம் படிவத்தில் அடியெடுத்து வைத்த நாளோடு அந்தச் சொற்கள் நின்றுவிட்டன. இடைநிலைப்பள்ளியில் தமிழ் என்பது பள்ளி முடிந்த பிறகு, பலர் வீடு திரும்பிய நேரத்தில் நடக்கும் ஒரு வகுப்பாயிற்று. அதிலும் கட்டுரை, இலக்கணம், இலக்கியத் தேர்வு. செடி கொடிகளும் மீன்களும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டன. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் இயற்கையறிவோடு நம் தமிழ் நின்றுபோனது. மேடையில் முழங்குவதற்கும் வாழ்த்துப் பாடுவதற்கும் நம்மிடம் தமிழ் இருக்கிறது. ஓர் ஏரியில் நின்று "அது என்ன?" என்று கேட்பதற்குத் தமிழ் இல்லை. ஒரு மொழி ஒரு நாட்டில் நிலைக்க வேண்டுமானால், அந்நாட்டின் நீரையும் நிலத்தையும் அது அறிந்திருக்க வேண்டாமா?

சினி ஏரி சொல்லும் பாடம்

அதே பகாங் மாநிலத்தில் சினி ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே தாமரை பூத்துக் குலுங்கியது. அதைக் காணவே மக்கள் படகேறினார்கள். 1990களின் நடுவில் ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தி நிறுத்துவதற்காகச் சினி ஆற்றில் ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. நீர் வடியாமல் நின்றதால் கரையோர மரங்கள் பட்டுப்போயின. சுற்றிலும் காடுவெட்டும் வேலையும் இரும்புத்தாதுச் சுரங்கமும் செம்பனைத் தோட்டமும் பெருகின. மண் கரைந்து ஏரியில் இறங்கியது. அயல்நாட்டு நீர்ப்பாசி பரவியது. 2009இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பிறகும் சிதைவு நிற்கவில்லை. தாமரை பெருமளவு மங்கிப்போனது. ஏரியை நம்பி வாழும் ஜக்குன் மக்கள்தாம் முதலில் பாதிக்கப்பட்டார்கள்.

நம் கவிதைகளில் மட்டும் தாமரை ஒருநாளும் வாடியதில்லை. ஏட்டிலுள்ள தாமரையைப் பாடிக்கொண்டிருப்பவருக்கு ஏரியிலுள்ள தாமரை மறைந்தது தெரியப் போவதில்லை. நேரில் சென்று, பார்த்து, தேதி குறித்து வரைந்து வைத்தவருக்கே மறுமுறை செல்லும்போது "இங்கே இருந்தது எங்கே?" என்று கேட்கத் தோன்றும். ஒரு மாணவர் வரையும் எளிய படம்கூட ஒரு சாட்சியாகும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

"சமுதாயத்தில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, ஏரியில் படம் வரைவதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பலர் பி.டி.பி.டி.என். கடனில் படிக்கிறோம். விடுமுறையில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறோம். நான் கேட்பது முழு விடுமுறையையும் அன்று. ஒரு நாள். வேலைக்கும் தேர்வுக்கும் மட்டுமே வாழும் இளைஞர் கூட்டம் நாளை எதைக் காப்பாற்றப் போகிறது?

"தண்ணீரில் கண்டம்" என்று பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால், அச்சத்துக்கு மருந்து நீரைவிட்டு ஓடுவதன்று, நீந்தக் கற்பது. மிதவை அங்கியை ஒருபோதும் கழற்றாமல் இருப்பது. ஏரியை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு மட்டுமே செல்வது. பிற்பகலில் இடிமழை வரும் நாடு இது என்பதால் விடியற்காலையில் இறங்கி நண்பகலுக்குள் கரையேறுவது. 1025ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்ததை மேடைதோறும் முழங்குகிறோம். அது நடந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று ஒரு தோணியில் ஏற நமக்குக் கால் நடுங்கினால் அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்?

"எனக்கு வரைய வராது" என்பது மூன்றாவது மறுப்பு. அழகாக வரையச் சொல்லி யார் கேட்டது? கோணலாக இருக்கட்டும். கண் நாற்பது நிமிடம் ஓரிடத்தில் நின்றதா என்பதே கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

தமிழ்மொழிக் கழகங்களுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். சொற்போரும் கலை இரவும் தொடரட்டும். அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு நாளை 'ஏரி நாள்' என்று நடத்துவோம். இருபது பேர் போதும். தேவையான பொருள்கள் அதிகமில்லை. கைக்கு அடக்கமான தடித்த அட்டை, அதில் கவ்வி வைத்த தாள்கள், இரண்டு பென்சில்கள், எல்லாவற்றையும் நனையாமல் காக்க ஒரு நெகிழிப் பை. பெரா வரை செல்ல இயலாதவர்கள் அருகிலேயே தொடங்கலாம். தைப்பிங் ஏரிப் பூங்காகூட ஒரு காலத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம்தான். 1880களில் பூங்காவான அந்த இடத்தில் இன்று தூங்குமூஞ்சி மரங்கள் கிளை தாழ்த்தி நீரைத் தொடுகின்றன. கரையிலிருந்தே வரையலாம்.

வரைந்த படங்களைக் கழக மலரில் வெளியிடுவோம். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், பெயர். தமிழ்ப் பெயர் இருந்தால் தேடி எழுதுவோம். இல்லையென்றால் ஆக்குவோம், முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் திருத்தட்டும். பூர்வகுடி மக்கள் பகிர்ந்துகொள்ள விரும்பினால் அவர்கள் வழங்கும் பெயரை முதலில் எழுதி, தமிழ்ப் பெயரை அடுத்து எழுதுவோம். அந்த நீரில் முதலில் தோணி விட்டவர்கள் அவர்கள். சிறுபான்மை மொழியின் வலியை அறிந்த நாமே இன்னொரு சிறிய மொழியை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்?

பத்து ஆண்டுகள் இப்படிச் செய்தால், மலேசிய ஏரிகளின் செடிகளுக்கும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் தமிழில் ஒரு பட்டியல் நம் கையில் இருக்கும். மாணவர் கைகளால் வரைந்த, மாணவர் கண்களால் கண்ட பட்டியல். அடுத்த தலைமுறைத் தமிழ்ப்பள்ளி மாணவனிடம் ஆசிரியர் அதைக் காட்டி, "இது நம் நாட்டு ஏரி, இது ஏரித் தாழை" என்று சொல்ல முடியும்.

எங்கள் நால்வரின் பங்குக்கு ஒன்பது படங்களும் ஆறு பெயர்களும் இப்போது இருக்கின்றன. மூன்று படங்களுக்கு இன்னும் பெயர் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் அடுத்த விடுமுறையில் எங்களோடு வாருங்கள்.